தீத்தடுப்புக் கோடு பொங்கலுக்குள் முடியட்டும்

ஐயா,

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுத்தீ பற்றிய தங்கள் தலையங்கம் தீ வைப்பவர்களைச் சாடியதோடு நின்றுவிட்டது. பற்றவைப்பது பெரும்பாலும் மனிதர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் விழுந்த பொறி அணைவதா, மலைமேல் பரவுவதா என்பதைக் காற்றின் வறட்சியே முடிவுசெய்கிறது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தை ஏற்கும். மழை பொய்த்த மாதத்தில் அந்த ஈரம் புல்லிலிருந்தும் சருகிலிருந்தும்தான் உறிஞ்சப்படுகிறது. மலைச்சரிவின் கோணம் 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்; 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கியதும் காய்ந்த புல் சரிவில்தான். எரிந்து கறுத்த நிலம் வெயிலை வாங்கி மேலும் சூடாகிறது. நிழல் போய்விடுகிறது, கோடைமழை பெய்தாலும் மண்ணில் இறங்காமல் சாம்பலோடு ஓடையில் போய்ச் சேர்கிறது.

இப்படிப் பரவும் தீயைத் தடுக்கத்தான் புல், புதர் அகற்றிய வெற்றுப் பட்டையாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள்; ஆனால் வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. வெட்டிய உண்ணிச்செடிப் புதரைக் கோட்டின் ஓரத்திலேயே குவித்துவைத்தால் சில நாளில் அதுவே விறகு. கோட்டை ஒட்டி ஒரு பட்டமரம் நின்றால் போதும், பொறி அந்தப்புறம் பறந்துவிடும். வெட்டிய குப்பையைப் பனியீரம் இருக்கும் காலை நேரத்தில், காற்று அடங்கியிருக்கும்போது, மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி எரித்துவிட வேண்டும். இதற்கான நிதியை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததுமே வனச்சரகங்களுக்கு விடுவித்து, பொங்கலுக்குள் பணியை முடிக்க அரசு உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், தேனி மாவட்டம்