நுனி முடியின் வயது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோரை முடி உள்ள பெண்கள் கூந்தலில் அலையும் சுருளும் வரவழைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் பெண்கள் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். டாங்ஸ் என்ற சூடேறும் இடுக்கியை வைத்துச் சுருட்டுவது, மருந்து போட்டு நிலையாகச் சுருளவைக்கும் பெர்ம் செய்துகொள்வது ஆகிய இரண்டையும் அது விளக்கமாகச் சொன்னது. ஆனால் முடியைத் தோள் வரை வெட்டிவிடுகிற பெண்ணுக்கும், இடுப்பைத் தொட வேண்டும் என்று ஆசையாக வளர்த்து வருகிற பெண்ணுக்கும் ஒரே யோசனையையே தந்திருந்தது. தஞ்சாவூரில் 22 ஆண்டுகளாகச் சிறிய அழகு நிலையம் நடத்திவரும் எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது. ஆண்டுக்கு அரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் இடுப்பு வரை தொங்கும் பின்னலின் நுனி, தலையில் முளைத்து ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்கும். அத்தனை ஆண்டு வெயிலையும் சீப்பையும் உப்புத் தண்ணீரையும் பார்த்துவிட்ட அந்த நுனிக்கு உயிர் கிடையாது. தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் அதில் பட்ட காயம் ஆறாது. குட்டை முடிக்காரர் கெட்ட நுனியை அடுத்த முறை வெட்டும்போதே கழித்துவிடுவார். நீளம் வளர்ப்பவரோ எந்த நுனியைப் பாதுகாக்க வேண்டுமோ அதிலேயே மருந்தையும் சூட்டையும் ஏற்றுகிறார்.

டாங்ஸ் பலவும் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுபவை. முடி முழுதும் காயாமல் அதை வைத்தால் ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். முடிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழ் விடுவதன் அடையாளம் அது. குமிழ் விட்ட இடத்தில் முடி பின்னால் ஒடியும். கல்யாணம், வரவேற்பு என்று எப்போதாவது ஒருநாள், நன்றாகக் காய்ந்த முடியில், குறைந்த சூட்டில் செய்துகொள்வதை நான் தடுக்க மாட்டேன். தினமும் கல்லூரிக்குப் புறப்படும்முன் செய்கிற பழக்கத்தைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பெர்ம் வேறு வகை. 1906இல் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்பவர் சூடேற்றிய உருளைகளைக் கொண்டு அதைச் செய்து காட்டினார். இன்று சூடு தேவையில்லை. அம்மோனியம் தையோகிளைகோலேட் என்ற மருந்து முடியின் உள்ளே இருந்து அதற்கு வடிவமும் பலமும் தரும் கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது, ராட் என்ற சிறு உருளையில் சுற்றிய வடிவத்திலேயே, அடுத்துப் போடும் பெராக்சைடு அவற்றை மறுபடி பிணைக்கிறது. அறுந்தவை எல்லாம் திரும்பச் சேர்வதில்லை. அதனால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் முடி கொஞ்சம் பலம் இழக்கத்தான் செய்யும். அதோடு, புதிதாக முளைப்பது கோரையாகவே முளைக்கும். ஆறு மாதத்தில் உச்சியில் ஆறேழு சென்டிமீட்டர் நேராகவும் அதன் கீழே சுருளாகவும் நிற்கும்போது, பார்க்கச் சகிக்காமல் மறுபடி முழுத் தலைக்கும் மருந்து போடச் சொல்வார்கள். ஏற்கெனவே மருந்து ஏறிய பாகத்தில் இரண்டாம் முறையும் ஏற்றுவதைப்போல் நீளத்தைக் கெடுப்பது வேறில்லை.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. 11 ஆண்டுகளுக்கு முன் இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலோடு ஒரு கல்லூரி மாணவி பெர்ம் கேட்டுத் தாயாருடன் வந்தாள். முடியில் என்ன போட்டிருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில் விற்ற ஏதோ ஒரு பொடியை அவள் மாதக்கணக்கில் தடவியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தகைய பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். பெர்ம் மருந்தும் பெராக்சைடும் அதில் பட்டால் முடி வெந்துவிடும். தலையை அலசும்போது என் விரலில் சிக்கிய ஒரு கற்றை, ஈர ரப்பர் மாதிரி இழுக்க இழுக்க நீண்டு, அப்படியே கையோடு வந்துவிட்டது. தோள் வரை வெட்ட வேண்டியதாயிற்று. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போன நீளம் திரும்பி வர மூன்று ஆண்டுகள் ஆயின. தவறு என்னுடையது, இழப்பு அவளுடையது.

அலை வேண்டும், நீளமும் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது நம் வீடுகளில் எப்போதும் இருந்துவந்த வழிதான். கூந்தலை முடிக்கும் முறைகளை ஐம்பால் என்று ஐந்தாக வகுத்த நம் முன்னோர் சுருளையும் அதில் ஒன்றாக வைத்தார்கள். அது மருந்தால் வந்ததல்ல. தலைக்குக் குளித்து, முக்கால்வாசி காய்ந்ததும், நுனியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, அகலமான அலை வேண்டுமானால் இரண்டு பின்னலும் நெருக்கமான அலை வேண்டுமானால் ஐந்தாறு பின்னலும் தளர்வாகப் போட்டு, ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி நாடாவால் கட்டிப் படுக்க வேண்டும். நெற்றி ஓரத்தை இறுக்கி இழுத்துப் பின்னினால் அங்கே முடி உதிர்ந்து வழுக்கை விழும் என்பதால் அதில் மட்டும் கவனம் வேண்டும். காலையில் முழுதும் காய்ந்தபின் அவிழ்த்து, சீப்பைத் தொடாமல் விரலால் பிரித்துவிட்டால் போதும். ஈரத்தில் தளரும் ஹைட்ரஜன் பிணைப்புகள் காயும்போது புதிய வடிவத்தில் சேர்வதால்தான் இந்த அலை வருகிறது. கந்தகப் பிணைப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஐப்பசி மழைக்காற்றில் மாலைக்குள் கலைந்துவிடும் என்பது உண்மைதான். கலைந்தாலும் முடி முழுசாக இருக்கும்.

என் தொழிலில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெர்ம் கேட்டு வருபவரிடம் கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த முடியில் போட்ட சாயம், மருதாணி, ஸ்ட்ரெய்ட்னிங் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியில் தெரியாத அடிக்கற்றையில் நான்கைந்து இழைகளை எடுத்து முதலில் அதில் மட்டும் மருந்தைப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. மருந்துப் பெட்டிகளில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சிடும்படி, மருந்து தயாரிக்கும் நிறுவனங்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அந்தப் பெட்டியைப் பிரிக்கும் உதவிப் பெண்களில் பலர் தமிழ் மட்டுமே படித்தவர்கள்.

தங்கள் பகுதியில் அடுத்த முறை கூந்தல் பற்றி எழுதும்போது, இந்த அடிக்கற்றைச் சோதனையை ஒரு பத்தியிலாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அழகு நிலையம் நடத்தும் வாசகி,
தஞ்சாவூர்.