ஞாயிறு காலை: செனட் ஹவுஸ் எதிரில் கூடுவோம்

நண்பர்களே, வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்கு எதிரே மெரினா நடைபாதையில் கூடுகிறோம். 1874 முதல் 1879 வரை கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோல்ம் எழுப்பிய இந்தோ-சரசனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த பாணி) கட்டடம் அது. அவரே வடிவமைத்த மாநிலக் கல்லூரியோ இத்தாலியப் பாணி. ஒரே சாலையில் எத்தனை அழகான வேறுபாடு!

இந்தப் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம் என்று எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிடக் கூடாது என்பதே நம் கோரிக்கை. முக்கியமாக, பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சிமென்ட் பூசக் கூடாது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிரும். கடற்காற்றில் இது இன்னும் மோசம். மின்இணைப்பு, கழிப்பறை, சாய்தளம் புதிதாக வரட்டும், அவை அவசியம்.

பழைய வகுப்பறைப் படங்கள் இருந்தால் பகிருங்கள், நம் கோரிக்கை மனுவுடன் இணைக்கலாம். வருகிறவர்கள் இன்றே தெரிவியுங்கள்.