4 டிபி என்று சொல்லி 1.8 டிபி தந்த சர்வர்: புகார்க் கடிதம்

அனுப்புநர்:
உரிமையாளர்,
பில்லிங் மென்பொருள் சேவை,
ஈரோடு.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்,
தனி சர்வர் வாடகைப் பிரிவு.

பொருள்: எங்கள் சர்வரில் உங்கள் பொறியாளர் அமைத்த பார்ட்டிஷன்கள், அதனால் ஏற்பட்ட தரவு இழப்பு, திருப்பித் தர வேண்டிய தொகை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் மாத வாடகைக்கு எடுத்திருக்கும் தனி சர்வரில் 4 டிபி (டெராபைட்) இடம் தருவதாக ஒப்பந்தம். அதை 1 டிபி வீதம் நான்கு பார்ட்டிஷன்களாகப் பிரித்துத் தரச் சொல்லி, அதற்கான அமைப்புக் கட்டணத்தையும் தனியாகக் கட்டினேன். ஒன்று டேட்டாபேஸுக்கு, ஒன்று வாடிக்கையாளர்கள் ஏற்றும் பில் கோப்புகளுக்கு, ஒன்று மெயிலுக்கு, இன்னொன்று பேக்கப்புக்கு. நீங்கள் உண்மையில் தந்தது நான்கும் சேர்த்து 1.8 டிபி. மிச்சம் திரையில் மட்டும்தான் இருந்தது.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த மாதம் 10-ஆம் தேதி மாலை. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான மாத விற்பனைக் கணக்கு) தாக்கல் செய்யக் கடைசி நாள். எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் அரிசி ஆலைக்காரர்கள், ஜவுளிக் கடைக்காரர்கள் எல்லாரும் மொத்தமாக உள்ளே நுழைந்து பில் ஏற்றும் நேரம். திடீரென்று எல்லாம் தொங்கியது. ஒரு நிமிடம் போல எதுவும் நகரவில்லை. அப்புறம் டேட்டாபேஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. பில் கோப்புகள் இருந்த பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது.

உடனே உங்கள் சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். வந்த பதில்: "டிஎஃப் கமாண்டில் எல்லா பார்ட்டிஷனிலும் காலி இடம் இருக்கிறது. சர்வரில் கோளாறு இல்லை. உங்கள் டேட்டாபேஸைச் சரிபார்க்கவும்." டிக்கெட்டை மூடியும் விட்டார்கள். மறுபடி திறந்து கேட்டதற்கு, பழைய கோப்புகளை அழித்துப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவதாக வந்த பதில்தான் எரிச்சலின் உச்சம்: கூடுதல் டிஸ்க் திட்டம் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று விலைப்பட்டியலோடு ஒரு மெயில். 4 டிபிக்கு வாடகை கட்டும் ஒருவனிடம், பாதிகூட நிரம்பாத டிஸ்க்கைக் காட்டி, இன்னும் இடம் வாங்கு என்கிறீர்கள். எதற்கு என்று உங்கள் ஆட்களில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றவில்லையா?

டிஎஃப் சொன்னது பொய்யில்லை, ஆனால் அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோப்பு முறைமை தன்னிடம் எவ்வளவு இடம் இருப்பதாக நம்புகிறதோ அதைத்தான் அது காட்டும். அடியில் டிஸ்க் உண்மையில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) வைத்துப் பிரித்த சர்வரில் பார்க்க வேண்டியது எல்விஎஸ் கமாண்டை. நான் அதை ஓட்டியபோது, நான்கு பார்ட்டிஷன்களுக்கும் அடியில் ஒரு தின் பூல் (எழுத எழுத எல்லா பார்ட்டிஷன்களும் இடம் எடுத்துக்கொள்ளும் பொதுத் தொகுப்பு) இருப்பதும், அதன் டேட்டா சதவீதம் 100 என்பதும் முதல் வரியிலேயே தெரிந்தது. உங்கள் சப்போர்ட்டில் யாராவது இந்த ஒரு கமாண்டைத் தட்டியிருந்தால் முதல் பதிலிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

இனி, இது எப்படி வந்தது என்பது. எல்விஎம் ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறது. பார்ட்டிஷன் அமைப்பில் ஒவ்வொரு மாற்றம் செய்யும் முன்பும், பழைய நிலையை ஈடிசி அடைவில் எல்விஎம் என்பதற்குள் இருக்கும் ஆர்க்கைவ் அடைவில் எழுதி வைக்கும். எந்தக் கமாண்டுக்கு முன்பு எழுதியது என்பதும் எந்த நேரம் என்பதும் அதிலேயே இருக்கும். மாதக்கணக்கானாலும் கடைசி 10 பதிவுகளையாவது விட்டுவைப்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. எங்கள் சர்வரில் அதற்குப் பிறகு யாரும் எதையும் மாற்றவில்லை என்பதால், உங்கள் பொறியாளர் முதல் நாள் தட்டிய கமாண்டுகள் எல்லாம் அப்படியே கிடைத்தன.

அவற்றை வரிசையாகப் படித்தாலே கதை விளங்குகிறது. சர்வரில் இருப்பது 2 டிபி டிஸ்க் இரண்டு. அவற்றை ரெய்டு 1 ஆக, அதாவது ஒன்றின் அச்சு அசலான நகல் இன்னொன்றில் இருக்கும்படி இணைத்திருக்கிறார். நல்லதுதான், நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் அப்படி இணைத்தால் கையில் மிஞ்சுவது 2 டிபி. டிஸ்க் கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதும் கணினி 1024 ஆக எண்ணுவதும் வேறு என்பதால், அது திரையில் 1.8 என்று காட்டும். (இந்தப் பின்ன வித்தியாசத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான்.) விற்பனைப் பிரிவு இரண்டு டிஸ்க்கையும் கூட்டி 4 என்று எழுதிக் கொடுத்துவிட்டது. பொறியாளர் முன்னால் இருந்ததோ 1.8.

இந்த இடத்தில் அவர் செய்ய வேண்டியிருந்தது ஒரு போன். "ஐயா, கணக்குத் தப்பாக இருக்கிறது, 4 டிபி வராது" என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சாதாரணமாக, பார்ட்டிஷன் உருவாக்கும் எல்விகிரியேட் கமாண்டில் பெரிய எழுத்து எல் போட்டு அளவு கொடுத்தால், அது உள்ளதைத்தான் தரும். முதல் பார்ட்டிஷனுக்கு 1 டிபி கொடுத்திருக்கும். இரண்டாவதுக்குப் போதுமான இடமில்லை என்று முகத்துக்கு நேராக மறுத்திருக்கும். அந்த மறுப்பு வராமலிருக்க அவர் வேறு வழியில் போயிருக்கிறார். மொத்த இடத்தையும் ஒரே தின் பூலாக்கி, அதன் மேல் பெரிய எழுத்து வி போட்டு, 1 டிபி வீதம் நான்கு பார்ட்டிஷன்களை உருவாக்கியிருக்கிறார். அந்த வி என்பது கற்பனை அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், எல்விஎம் ஒப்புக்கொள்ளும். ஒரே மனையை நாலு பேருக்குப் பத்திரம் போட்டுக் கொடுத்த வேலை இது.

ஒப்புக்கொள்ளும் என்றேனே தவிர, வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளாது. அதே கமாண்டுகளை எங்கள் அலுவலகத்தில் சும்மா கிடந்த ஒரு கணினியில், அதே விகிதத்தில் சின்ன அளவுகளில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது பார்ட்டிஷனிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது: பார்ட்டிஷன்களின் கூட்டுத்தொகை பூலின் அளவையும் மொத்த வால்யூம் குரூப்பின் (எல்விஎம் கையில் உள்ள மொத்த டிஸ்க் இடம்) அளவையும் தாண்டுகிறது என்று. கூடவே, பூல் நிரம்பிப் போகாமல் காக்கும் ஏற்பாட்டை நீங்கள் இயக்கவில்லை என்று இன்னொன்று. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் அதுவே திரும்ப வந்தது. உங்கள் பொறியாளரின் திரையிலும் இவை வந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் "4 டிபி அமைத்தாயிற்று" என்று எனக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். கவனக்குறைவு என்று சொல்லி நீங்கள் இதை முடித்துவிட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

தின் பூல் என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. யாருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாத இடங்களில் அது மிக உபயோகமான வசதி. ஆனால் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நிரம்ப ஆரம்பித்தால் பெரிதாக்குவதற்குப் பக்கத்தில் இடமும் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. தானாகப் பெரிதாகும் வரம்பு எல்விஎம் அமைப்புக் கோப்பில் 100 என்றே விடப்பட்டிருக்கிறது. 100 என்றால் அந்த வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். இயக்கியிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் மிச்ச இடம் துளிகூட விடாமல் எல்லாவற்றையும் பூலுக்கே கொடுத்திருக்கிறார்.

கண்காணிப்புக்கு என்று மாதாமாதம் தனிக் கட்டணம் வாங்குகிறீர்கள். சர்வரின் சிஸ்டம் லாகைத் திறந்து பாருங்கள். பூல் 80 சதவீதத்தைத் தாண்டியதிலிருந்து, 85, 90, 95 என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் 24 மணி நேரக் கண்காணிப்பு அதில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அது சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பிங் அடித்துப் பார்ப்பதோடு சரி போலிருக்கிறது.

அடுத்து பேக்கப். நான்கு பார்ட்டிஷன்களிலும் உண்மையாக இருந்த தரவு சுமார் 1.1 டிபி. அப்படியானால் 1.8 எப்படி நிரம்பியது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. பதில் பேக்கப் பார்ட்டிஷனில் இருக்கிறது. தினமும் இரவு புதிய பேக்கப் எழுதுகிறோம், பழையதை அழிக்கிறோம். அழித்தாலும் அந்த இடம் தானாகப் பூலுக்குத் திரும்பாது. கோப்பு போய்விட்டது, இந்தப் பகுதி இனி வேண்டாம் என்று எஃப்எஸ்ட்ரிம் கமாண்ட் அடியில் சொன்னால்தான் பூல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தானாக ஓட வேண்டிய அந்த வேலை, நீங்கள் நிறுவிய இமேஜில் (தயார்நிலை இயங்குதள நகல்) அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆகவே 200 ஜிபி பேக்கப் இருந்த பார்ட்டிஷன், நாள்பட நாள்பட புதுப்புது இடங்களில் எழுதி, பூலில் 900 ஜிபி வரை பிடித்துக்கொண்டது. பழைய கோப்புகளை அழியுங்கள் என்று நீங்கள் சொன்னபோது நான் அழித்தது ஒரு பைட்டைக்கூட விடுவிக்கவில்லை என்பதும் இதனால்தான். தின் பூல் அமைத்துக் கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பேக்கப்பைத் தனி பார்ட்டிஷனாகக் கேட்டதே, ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கட்டும் என்றுதான். நீங்கள் அதையும் அதே பூலில் போட்டதால், பூல் நிரம்பிய அன்று டேட்டாபேஸும் பேக்கப்பும் ஒரே நேரத்தில் நின்றன. அன்றிரவு எழுதப்பட்ட பேக்கப் பாதியில் அறுந்து கிடக்கிறது.

இழப்பு என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பூல் நிரம்பினால், எழுத வந்ததை அது முதலில் 60 விநாடி காக்க வைக்கும், அதன் பிறகு பிழை என்று திருப்பி அனுப்பும். முதலில் எல்லாம் தொங்கியது அதனால்தான். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ், டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று தெரிந்ததும் நின்றுவிட்டதால் டேட்டாபேஸ் பிழைத்தது. கோப்புகளின் கதி அப்படியில்லை. கோப்பை வாங்கிக்கொண்ட நினைவகம் "சேமித்தாயிற்று" என்று பயனருக்குச் சொல்லிவிட்டது, டிஸ்க்குக்குத் தள்ளும்போதுதான் இடமில்லை. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) லாகில் தொலைந்த பக்கங்கள் என்று வரிவரியாக இருக்கிறது. விளைவு, அன்று மாலை ஏற்றிய பில்களில் பல பூஜ்ஜிய அளவில் பெயர் மட்டும் கொண்ட கோப்புகளாகக் கிடந்தன. ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் போட்டு, "அண்ணா, அந்த பில்லைத் திரும்ப ஏற்றுங்கள்" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. தாக்கல் தாமதமான சிலருக்கு அபராதத்தை நானே ஏற்றுக்கொண்டேன். பட்டியலும் ரசீதுகளும் இணைப்பில் உள்ளன.

எனக்கு வேண்டியது இவை. ஒப்பந்தத்தில் உள்ள 4 டிபி, ரெய்டு 1 போட்ட பின்பும் கையில் நிற்கும் 4 டிபியாக வேண்டும். டிஸ்க் மாற்றுவது உங்கள் செலவு. பார்ட்டிஷன்களைப் பெரிய எழுத்து எல் கொண்டு, உள்ள இடத்திலிருந்து மட்டும் உருவாக்க வேண்டும். பேக்கப் பார்ட்டிஷன் வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும். எல்விகிரியேட் வரியின் கடைசியில் எந்த டிஸ்க் என்று எழுதினால் போதும், இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வேலை முடிந்ததும், டிஸ்க், வால்யூம் குரூப், பார்ட்டிஷன் நிலையைக் காட்டும் பிவிஎஸ், விஜிஎஸ், எல்விஎஸ் கமாண்டுகள் மூன்றின் வெளியீட்டையும் மெயிலில் அனுப்புங்கள். அமைத்துவிட்டோம் என்ற ஒற்றை வரி இனி வேண்டாம்.

ஒப்பந்தம் தொடங்கிய மாதத்திலிருந்து இன்றுவரை, தராத இடத்துக்காக வாங்கிய வாடகையையும், கண்காணிப்புக் கட்டணம் முழுவதையும், அமைப்புக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். இணைப்பில் உள்ள அபராதத் தொகையும் உங்கள் பொறுப்பு. கூடுதல் டிஸ்க் திட்டத்துக்கான விலைப்பட்டியலை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெறுங்கள்.

இன்னொன்று, இது எனக்காக மட்டும் கேட்பதில்லை. அதே 2 டிபி டிஸ்க் இரண்டு, அதே 4 டிபி விளம்பரம் உங்கள் இணையதளத்தில் இன்றும் இருக்கிறது. அதே கமாண்டுகளை எத்தனை சர்வர்களில் ஓட்டியிருக்கிறீர்கள் என்று பார்த்து, அந்த வாடிக்கையாளர்களுக்கு அவர்களுடைய பூல் நிரம்பும் முன்பே தெரிவியுங்கள்.

இந்த மாத இறுதிக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் வரும். அதுவரை எங்கள் சர்வரில் உள்ள எல்விஎம் ஆர்க்கைவ் அடைவையும் லாக் கோப்புகளையும் உங்கள் தரப்பில் யாரும் தொட வேண்டாம். அவற்றின் பிரதி என்னிடம் தனியாக இருக்கிறது. டிஸ்க் மாற்றும் வேலையை 12-ஆம் தேதிக்கு முன்னால் வைக்காதீர்கள், அதுவரை இங்கே தாக்கல் வேலை ஓடும்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
ஈரோடு.

இணைப்பு: ஒப்பந்த நகல், ஆர்க்கைவ் பதிவுகள், சிஸ்டம் மற்றும் கெர்னல் லாக் பகுதிகள், டிக்கெட்டுக்கு வந்த மூன்று பதில்களின் நகல், பாதிக்கப்பட்ட கோப்புகளின் பட்டியல், அபராத ரசீதுகள்.