தோட்டா கொடுக்கும் முன் காதைப் பாருங்கள்

ரைபிள் கிளப் செயலாளர்களுக்கும், என்.சி.சி. முகாம்களில் ஃபயரிங் நடத்தும் அதிகாரிகள், உஸ்தாதுகள் என்னும் பயிற்றுநர்களுக்கும், காவல்துறை சுடுதளப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது என் பிழைப்பு. சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவோம். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த அறைக்கு உங்கள் சுடுதளங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஓய்வுபெற்ற ஏட்டையாக்கள், கிளப்பில் பயிற்சி எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள், முகாம் முடிந்து திரும்பிய கேடட்டுகள். அவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. காதில் காப்பு இல்லாத யாருக்கும் தோட்டா கொடுக்காதீர்கள். சுடுகிறவருக்குப் பக்கத்தில் குனிந்து சொல்லிக்கொடுப்பவர், பின்னால் வரிசையில் காத்திருப்பவர், தோட்டா எண்ணிக் கொடுப்பவர் எல்லோருக்கும் அதே சட்டம். இப்போது பல இடங்களில் "இருந்தால் போட்டுக்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நீங்கள் பாதுகாப்பில் அசட்டையான ஆட்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிவப்புக் கொடி ஏற்றாமல் ஃபயரிங் தொடங்குவதில்லை. துப்பாக்கியைக் காலி செய்யச் சொல்லும் 'காலி கர்' கமாண்டுக்குப் பிறகு, துப்பாக்கிக்குள் ரவுண்டு மிச்சம் இருக்கிறதா என்று நீங்களே வந்து எட்டிப் பார்க்கிறீர்கள். குழல் ஒரு சாண் திரும்பினால் போதும், முகாமே அதிரும்படி திட்டு விழும். 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கம், சுடுதளத்திலிருந்து வந்த குண்டு பட்டு 11 வயதுப் பையன் ஒருவன் சில நாட்களில் இறந்தான். குண்டு எங்கே போகிறது என்று கண்காணிப்பதில் எந்தத் தளர்வும் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதே குழலிலிருந்து வரும் சத்தம் எங்கே போகிறது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, எவ்வளவு சத்தம்? .22 ரைபிள் சுடுகிறவரின் காதருகே உச்ச அளவு சுமார் 140 டெசிபல், சில நேரம் அதற்குக் கொஞ்சம் கீழே. 9 எம்.எம். பிஸ்டல், 12 போர் வேட்டைத் துப்பாக்கி, எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் என்ற ராணுவ ரைபிள்கள் எல்லாம் 150-ஐத் தாண்டி 160-ஐ ஒட்டி நிற்கும். 20 டெசிபல் கூடினால் காதில் மோதும் அழுத்தம் 10 மடங்கு. அதனால் 140-க்கும் 160-க்கும் இடையே உள்ள தூரம் காகிதத்தில் தெரிகிற மாதிரி இல்லை.

பெரியவர்களின் காதுக்கு உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டக் கூடாது, குழந்தைகளுக்கு 120-ஐத் தாண்டக் கூடாது என்று 1999-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொன்னது. என்.சி.சி. ஜூனியர் பிரிவில் 13 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பட்டாசுக்கே, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல், உச்ச அளவாகப் பார்த்தால் 145 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தீபாவளி வந்தால் அதைப் பற்றிப் பத்திரிகைகளில் பத்திகள் வரும். துப்பாக்கியின் குழல்வாய் சுடுகிறவர் காதிலிருந்து ஒரு மீட்டர் இருந்தால் அதிகம்.

'.22 தானே சார், பொம்மைத் துப்பாக்கி மாதிரி' என்று அடிக்கடி கேட்கிறேன். எஸ்.எல்.ஆரோடு ஒப்பிட்டால் .22 சாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகாமில் யாரும் தனியாகப் படுத்துச் சுடுவதில்லை. ஒரு டிடெயிலில், அதாவது ஒரே நேரத்தில் சுடும் குழுவில், பக்கத்துப் பக்கத்தில் பலர் படுத்திருக்கிறார்கள். ஆளுக்கு 5 ரவுண்டு என்றாலும், பக்கத்து ரைபிள்களின் சத்தத்தையும் அந்தக் காதுதான் வாங்குகிறது. அடுத்த டிடெயில் பின்னால் உட்கார்ந்து காத்திருக்கிறது. உஸ்தாதோ காலையிலிருந்து மதியம் வரை ஒவ்வொரு டிடெயிலுக்கும் அங்கேயே நிற்கிறார். கேடட்டுக்கு 5 ரவுண்டு, அவருக்கு நூற்றுக்கணக்கில். கிளப் கோச்சுக்கும், ஆயுதப்படை மைதானத்தில் வருடாந்திர ஃபயரிங் நடத்தும் பயிற்றுநருக்கும் இதே கதைதான். சுடுகிறவர்களைவிட சுடச் சொல்லித் தருகிறவர்களின் காதுதான் எனக்கு அதிகக் கவலை. (காற்றுத் துப்பாக்கியில் 10 மீட்டர் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் கிடையாது. அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பெருத்த சத்தம் வந்தால் நடுக்காதில் உள்ள சின்னத் தசை ஒன்று இறுகி, உள்ளே போகும் ஒலியைக் கொஞ்சம் குறைக்கும். இயற்கை கொடுத்த காப்பு அது. ஆனால் அது வேலை செய்யத் தொடங்கப் பல மில்லி விநாடிகள் ஆகும். துப்பாக்கி வெடியின் உச்சம் அதற்குள் வந்து போய்விடும். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட பகுதியில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. வெடி அலை அவற்றை வளைத்துச் சாய்த்துவிடும். சில மறுநாள் நிமிரும், சில நிமிராது. செத்தது செத்ததுதான், மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. சுட்டு முடித்த அன்று காது அடைத்த மாதிரி இருந்து, காலையில் 'சரியாப் போச்சு' என்று பலர் சொல்வது அந்த நிமிர்ந்த பங்கை வைத்துத்தான்.

சேதம் முதலில் விழுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள மேல் ஒலிகளில். எங்கள் பரிசோதனை வரைபடத்தில் 4,000 பக்கம் ஒரு பள்ளம் விழும். ரைபிள்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது காதில் அந்தப் பள்ளம் ஆழமாக இருக்கும். வலது தோளில் ரைபிளின் கட்டையைப் பதித்துச் சுடும்போது தலை சாய்ந்து இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்புகிறது, வலது காது தலையின் மறைவில் தப்புகிறது. வரைபடத்தைப் பார்த்ததும் "எந்தக் கையால சுடுவீங்க?" என்று கேட்டால், "நான் சுடுவேன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இப்படிப்பட்டவர்கள் காது கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்பார்கள். உயிரொலிகள் கீழ் அலைவரிசையில் இருப்பதால் அவை காதில் விழும். ச, த, ட, க, ப என்று வார்த்தையைப் பிரித்துக் காட்டுகிற மெய்யொலிகளின் கூர்மை மேலே இருக்கிறது, அது மழுங்கிப்போகும். கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில், ஃபேன் ஓடும் அறையில் பேரப் பிள்ளை பேசினால் ஒரே முனகலாகத் தெரியும். "பாட்டு" என்றானா "காட்டு" என்றானா என்று தடுமாறி, கடைசியில் "சரி சரி" என்று தலையாட்டிவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். 58 வயதில் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் என்னிடம் சொன்னார், காதுக்குள் இரவெல்லாம் 'ஙொய்ங்' என்ற சத்தம், அதனால் ஃபேனை ஐந்தில் வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்று. மார்கழியிலும் அப்படித்தானாம், மனைவி பக்கத்து அறைக்குப் போய்விட்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த இரைச்சலை நிறுத்த என்னிடம் மாத்திரை இல்லை, வேறு யாரிடமும் இல்லை.

இப்போது நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன்.

"காதை அடைத்தால் கமாண்ட் கேட்காது." இதுதான் எல்லா இடத்திலும் முதலில் வரும் பதில், நியாயமானதும் இதுதான். ஆனால் உலகம் முழுக்கச் சுடுதளங்களில் காதை அடைத்துக்கொண்டுதான் கமாண்ட் கேட்கிறார்கள். ஒலிபெருக்கி, விசில், கைச் சைகை, கொடி என்று வழி நிறைய இருக்கிறது. காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் மாதிரியான காப்புக்கு மஃப் என்று பெயர்; அதில் எலெக்ட்ரானிக் மஃப் என்று ஒன்று இருக்கிறது, பேச்சை உள்ளே விட்டு வெடியை மட்டும் வெட்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். போட்டிகளில் சுடுகிறவர் அதைப் போட முடியாது, சாதாரண மஃப்போ காதுத் துளைக்குள் செருகும் பிளக்கோதான். பயிற்சி நடத்தும் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. விலை சாதாரண மஃப்பைவிடப் பல மடங்கு என்றாலும், கோச்சுக்கும் ரேஞ்ச் ஆபீசருக்கும் ஆளுக்கு ஒன்று வாங்குவது கிளப்புக்குக் கட்டுபடியாகாத செலவா?

"சிப்பாய்னா சத்தம் பழகணும்." பழகுவது மனம். காது பழகாது. 'முன்ன மாதிரி சத்தம் இப்ப உறைக்கல' என்று ஒரு பயிற்றுநர் பெருமையாகச் சொன்னால் அவரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

"பஞ்சு வச்சிருக்கோமே." இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கேடட் பெண், முகாமில் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு உருண்டை பஞ்சு கொடுத்தார்கள் என்றாள். பஞ்சு தடுப்பது சில டெசிபல்தான். போட்டுக்கொண்டோம் என்ற தைரியம்தான் மிச்சம். அவளுடைய இடது காதில் 4,000 ஹெர்ட்ஸில் லேசான பள்ளம் இருந்தது. முகாமுக்கு முன் எடுத்த பரிசோதனை எதுவும் இல்லாததால் அது ஃபயரிங்கில் வந்ததா, முன்பே இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆண்டு தொடக்கத்தில் ஒருமுறை எல்லோருக்கும் அடிப்படைப் பரிசோதனை எடுத்து வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பெரும்பாலான மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் அந்த வசதி இருக்கிறது.

நுரை இயர் பிளக் ஒரு ஜோடி சில ரூபாய்களிலிருந்து கிடைக்கிறது. விலையைவிடப் பெரிய சிக்கல், அதை ஒழுங்காகப் போடச் சொல்லித்தர ஆள் இல்லை. பலரும் அதைக் காது வாசலில் பாட்டில் மூடி மாதிரி சொருகி வைத்திருக்கிறார்கள். சுத்தமான, உலர்ந்த விரல்களால் அதை உருட்டி உருட்டி மெல்லிய குச்சியாக்க வேண்டும், மடிப்பு விழக் கூடாது. வலது காது என்றால் இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். அப்போது காதின் வளைந்த குழாய் நேராகும். உடனே உள்ளே தள்ளி, அது உப்பி நிறையும் வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். முன்னால் நின்று பார்க்கும்போது பிளக்கின் முனை துருத்திக்கொண்டு தெரிந்தால் சரியாகப் போகவில்லை என்று பொருள். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் காதுகளை மூடிப் பாருங்கள். மூடியதும் சத்தம் இன்னும் நன்றாகக் குறைகிறது என்றால் கழற்றி மறுபடி போடுங்கள். சின்னப் பிள்ளைகளின் காதுத் துளைக்குப் பெரிய பிளக் நுழையாது, சின்ன அளவு தனியாகக் கிடைக்கிறது.

மஃப் என்றால் வேறு தொல்லைகள். மூக்குக்கண்ணாடியின் கால் நுழைகிற இடத்தில் இடைவெளி விழும், தொப்பி விளிம்பும் அப்படித்தான். ரைபிளில் கன்னத்தைக் கட்டையில் பதிக்கும்போது தடித்த மஃப் இடித்துத் தூக்கிக்கொள்ளும், அந்த நொடியில்தான் குண்டு வெடிக்கும். ரைபிளுக்கு மெல்லிய கிண்ணம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சோதனைக் கூடத்தில் வந்த எண் அது, தளத்தில் பாதி கிடைத்தாலே பலருக்கு அதிகம். அதனால் எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், 9 எம்.எம். சுடும் இடங்களிலும், சுவர் சூழ்ந்த உள்ளரங்கத் தளங்களிலும் பிளக் போட்டு அதன்மேல் மஃப்பும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கூட்டுத்தொகை வராது, கூடுதலாகச் சுமார் 5 டெசிபல்தான் வரும். அந்த 5-ம் அங்கே தேவை.

மொத்தமாக வாங்கும் குழுவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்நாட்டு ராணுவத்துக்கு 2003 முதல் விற்கப்பட்ட ஒரு வகை இயர் பிளக், நீளம் போதாமல் காதில் சரியாக இறுகாது, தெரிந்தே விற்றார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 3எம் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2018-இல் அரசுக்கு 91 லட்சம் டாலர் கட்டியது. 2023-இல் படைவீரர்கள் தொடுத்த வழக்குகளை முடிக்கச் சுமார் 600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு வாங்கும் பாதிப்புகளில் முதலிடம் காது இரைச்சலுக்குத்தான். இங்கே அந்த ஏட்டையாவின் ஙொய்ங் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

அடுத்த முகாமுக்கான பொருள் பட்டியல் தயாராகும்போது டார்கெட் பேப்பர், பசை, கொடிக்குப் பக்கத்தில் இயர் பிளக்கையும் எழுதுங்கள், ஆள் எண்ணிக்கைக்கு மேலேயே. தோட்டா வழங்கும் மேசையிலேயே அதையும் வையுங்கள். காதைக் காட்டினால் தோட்டா என்று ஆகிவிட்டால், கண்காணிக்கத் தனி ஆள் தேவைப்படாது.

இன்னொன்று. ஃபயரிங் முடிந்த பிறகு யாராவது காது அடைப்பு, இரைச்சல், ஒரு பக்கம் மந்தம் என்று சொன்னால் "தூங்கி எழுந்தா சரியாப் போயிடும்" என்று அனுப்பிவிடாதீர்கள். அன்றைக்கு அவரை மறுபடி லைனில் படுக்க வைக்காதீர்கள். எண்ணெய் ஊற்ற விடாதீர்கள். மறுநாளும் மாறவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். மருந்து கொடுத்துப் பார்க்க முதல் சில நாட்கள்தான் வாய்ப்பு. மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தால், எவ்வளவு போய்விட்டது என்று அளந்து சொல்ல மட்டும்தான் என்னால் முடியும்.

இப்படிக்கு,
காது பரிசோதகர் ஒருவர்
திருச்சி