கேள்வி எண் 14

சென்னை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நீ திட்டியிருப்பாய், இங்கே எனக்கு விக்கல் வந்ததை வைத்துச் சொல்கிறேன். "நாற்பத்திரண்டு வயசுல என்னடி படிப்பு, டாக்டராகப் போறியா?" என்று கேட்டிருந்தாய். என் மாமியாரும் இதையேதான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக. எம்.பி.எச்., பொது சுகாதாரத்தில் முதுகலை, அதில் சுகாதார நடத்தையும் சுகாதார மேம்பாடும் என்று விளக்கினால், "ஓ, கொசு மருந்து அடிக்கிறதா?" என்கிறார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஏன் சேர்ந்தேன் என்பதற்கு உனக்கு மட்டும் உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். பதினாறு வருஷம் ஒரு தனியார் கிளினிக்கில் டயட்டீஷியனாக உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடினேன். சோற்றைக் குறையுங்கள், நடங்கள், ஊறுகாயைத் தொடாதீர்கள். அச்சடித்த டயட் சார்ட்டைக் கையில் கொடுத்து அனுப்புவேன். மூன்று மாதம் கழித்து வந்தால் சுகர் அதே இடத்தில் நிற்கும், சில பேருக்கு ஏறியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் கீழே டீக்கடையில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த காகிதம் என்னுடைய சார்ட். ஓட்ஸ் கஞ்சி என்று எழுதிய வரி மேலேயே எண்ணெய் ஊறியிருந்தது. அங்கே சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

வகுப்பில் நான்தான் மூத்தவள். முதல் வாரம் "மேடம்", அப்புறம் "அக்கா". பாதிப் பேர் பல் டாக்டர்கள். ஏன் இத்தனை பல் டாக்டர்கள் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள் என்பதே தனி ஆய்வுக்குரிய விஷயம். மிச்சம் நர்ஸுகள், சமூகப்பணி படித்தவர்கள், ஒரு சித்த மருத்துவர். புள்ளியியல் தாளில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். ராணி மேரியில் கணக்கு வேண்டாமென்றுதானே நாம் மனையியல் எடுத்தோம், நினைவிருக்கிறதா?

நடத்தைக் கோட்பாடுகள் வகுப்பு மட்டும் தூக்கம் வராமல் போகும். முதலில் சொல்லிக்கொடுத்ததே காசநோய்க் கதைதான். 1950களில் அமெரிக்காவில் எக்ஸ்ரே வண்டியைத் தெருவுக்கே கொண்டுவந்து இலவசமாகப் படம் எடுத்தார்கள். அப்படியும் நிறைய பேர் வரவில்லை. ஏன் என்று ஹோச்பாம் என்ற சமூக உளவியலாளர் வீடு வீடாகக் கேட்கவைத்தார். எனக்கும் இந்த நோய் வரலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாங்களாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம்தான். ‘சுகாதார நம்பிக்கை மாதிரி’ (ஹெல்த் பிலீஃப் மாடல்) என்று இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடமாக இருப்பது இதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஏறக்குறைய அதே வருஷங்களில் நம் ஊரில் நடந்ததை அந்தப் பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிப்போகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. சேத்துப்பட்டில் ஸ்பர்டேங்க் ரோட்டில் அந்தக் கட்டடத்தைத் தாண்டி எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்போம்! இன்றைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956இல் தொடங்கியபோது காசநோய் மருந்து சிகிச்சை மையம். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம், நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. இவர்கள் மெட்ராஸின் ஏழைக் குடும்பத்து நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவரவர் நெரிசலான வீட்டுக்கே, மருந்து மட்டும் இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றிவிடவில்லை. 1959இல் இந்த முடிவு வெளிவந்த பிறகுதான் காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குள் இருந்த இன்னொரு சங்கதி. வீட்டில் இருக்கிறவர் மாத்திரையை விழுங்குகிறாரா என்று யாருக்குத் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இருமல் நின்று உடம்பு தேறியதும் மாத்திரையும் நின்றுபோவது அப்போதே தெரிந்துவிட்டது. அங்கே வேலை பார்த்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர், நோயாளி தானே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி 1958இலேயே எழுதியிருக்கிறார். சுகாதார ஊழியர் கண்முன்னால் மாத்திரை விழுங்க வைக்கும் முறை வளர்ந்ததில் இந்தச் சேத்துப்பட்டு அனுபவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. என் சார்ட்டும் வடையும் அப்போது ஞாபகம் வந்தன. நானாவது எண்ணிப் பார்த்தேனா?

சரி, என் ஆய்வுக்கு வருகிறேன். பி.பி., சுகர் மாத்திரையை ஏன் விடுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்தார்கள் அல்லவா, அதில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மாத்திரை இலவசம், நடையும் மிச்சம். அப்படியும் சில வீடுகளில் போன மாதத்து அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. காலையில் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து மூர் மார்க்கெட்டில் மறு வண்டி பிடித்து, வியாசர்பாடி ஜீவாவில் இறங்குவேன். அங்கிருந்து அந்தத் தன்னார்வலர் அக்காவோடு நடை.

கேள்வித்தாளை வைத்து நான் பட்ட பாடு இருக்கிறதே! அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழு அதைத் தமிழில் கேட்டது. வெளிநாட்டுக் கேள்விகளைத் தமிழாக்கினேன். "தினமும் மாத்திரை எடுத்துக்கொள்ள உங்களால் முடியும் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள்? முற்றிலும், ஓரளவு, சற்றே..." முதல் வீட்டில் கிழவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் அவன் விட்ட வழி" என்றாள். இதை ஒன்று முதல் ஐந்துக்குள் எந்தக் கட்டத்தில் போடுவது? யார் "ஓரளவு ஏற்கிறேன்" என்று பேசுகிறார்கள், சொல்! கடைசியில் அந்தத் தன்னார்வலர் அக்காதான் வழி சொன்னாள். மடியில் பத்துப் புளியங்கொட்டையைக் கொட்டி, "முழுசா முடியும்னா பத்தையும் தள்ளுங்க, முடியவே முடியாதுன்னா ஒண்ணும் தள்ளாதீங்க" என்றாள். கொட்டையைத் தள்ளும்போது எல்லோரும் யோசிக்கிறார்கள். ஏழு தள்ளி, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு கொட்டையைத் திரும்ப எடுக்கும்போது "ஏன்கா?" என்று கேட்டால் போதும், விஷயம் வந்துவிடும். என் வழிகாட்டிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. இருபது வீட்டுப் பதிவைக் காட்டினேன், ஒப்புக்கொண்டார்.

கேள்வி எண் 14: மாத்திரையைத் தவறவிடக் காரணம் என்ன? அ) மறதி. ஆ) பக்கவிளைவு பயம். இ) மாத்திரை கிடைப்பதில்லை. ஈ) உடம்பு நன்றாக இருப்பதால். உ) மற்றவை. மற்றவைக்குப் பக்கத்தில் அரை அங்குல இடம் விட்டிருந்தேன். அந்த அரை அங்குலம்தான் இப்போது என் மானத்தை வாங்குகிறது.

ஐம்பத்தைந்து வயசு இருக்கும் ஒரு அம்மா. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். பி.பி. நூற்று எழுபதுக்கு மேல். மறதியா என்றேன், இல்லை. பயமா, இல்லை. எல்லாக் கட்டத்துக்கும் இல்லை. கொட்டையில் நாலுதான் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுவேன் என்றார். அதென்ன ஞாயிறு? அவருக்கு எழுதிக்கொடுத்ததில் ஒன்று தண்ணீர் மாத்திரை. காலையில் போட்டால் மத்தியானம்வரை அடிக்கடி சிறுநீர் வரும். "வேலை செய்யுற வூட்டுல பாத்ரூம் போக வுட மாட்டாங்கம்மா. காலைல ஆறு மணிக்குப் போனா ரெண்டு மணிக்குத்தான் திரும்புவேன். அடக்கி அடக்கி அடிவயிறு வலிக்குது. அதான் வூட்டுல இருக்கற நாள்ல மட்டும்." அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை. எந்த மாத்திரை அப்படிச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால், சேர்த்துக் கொடுத்த எல்லா மாத்திரைகளையும் வேலை நாட்களில் நிறுத்திவிட்டார்.

செல்வி, இவருக்கு நோய் தெரியும், மாத்திரையின் அருமையும் தெரியும். அவருடைய அண்ணனுக்கே பக்கவாதம் வந்திருக்கிறது. நம்பிக்கையில் குறையே இல்லை. நான் கிளினிக்கில் இருந்திருந்தால், "ஒழுங்காகப் போடுங்கம்மா" என்று கொஞ்சம் குரலை உயர்த்தியிருப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஓட்டாவா சாசனம் என்று 1986இல் ஒன்று வந்தது. அதில் சுகாதார மேம்பாட்டுக்கு ஐந்து வழிகள் சொல்லியிருக்கிறார்கள். தனி ஆளின் திறனை வளர்ப்பது அதில் ஒன்றுதான். கொள்கை, சூழல், சமூகம், மருத்துவச் சேவையைத் திருத்தி அமைப்பது என்று மிச்ச நான்கும் அவரைச் சுற்றி இருப்பவை. தேர்வுக்கு மனப்பாடம் செய்ததுதான். அந்த அம்மாவின் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் ‘சூழல்’ என்றால் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைக் கதவு என்று புரிந்தது.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மாதிரி, உடனே மாத்திரையை மாற்றி எழுதினார். தொடர்ந்து போடுகிறாரா என்று அடுத்த மாதம் தெரியும்.

உன் வீட்டுக்காரர் சிகரெட் விஷயம் கேட்டிருந்தாய். அட்டையில் 85 சதவீதம் புற்றுநோய்ப் படம்தான் இருக்கிறது, அதைப் பார்த்தும் மனுஷன் திருந்தவில்லையே என்று. அவர் பெட்டியாக வாங்குகிறாரா, சில்லறையாக வாங்குகிறாரா என்று முதலில் பார். ஒற்றை ஒற்றையாக வாங்குகிறவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. அப்புறம், விடுவதற்குப் பல கட்டங்கள் உண்டு என்பார்கள்: நினைப்பே இல்லாதது, யோசிப்பது, தயாராவது, செய்வது, விடாமல் காப்பது. நிகோடின் சூயிங்கம் என்ன விலை என்று மருந்துக்கடையில் விசாரித்தார் என்று எழுதியிருந்தாயே, அப்படியானால் இரண்டாவது படியில் நிற்கிறார். இப்போது போய் நுரையீரல் பிரசங்கம் செய்யாதே. எந்த சிகரெட்டை விடுவது சுலபம், காலை காபியோடா, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகா என்று மட்டும் கேள். இந்தப் படிகளை ஒட்டிச் செய்தி எழுதி, சர்க்கரை வரும் நிலையில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களை வைத்துச் சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு இரண்டு வருஷம் ஆய்வு செய்தது. 2013இல் முடிவு வெளிவந்தது. செல்போனில் குறுஞ்செய்தி போனவர்களில் 18 சதவீதம் பேருக்கும், போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்திருந்தது. மெசேஜில் என்ன ஆகும் என்று நான் கேலி செய்தவள். வாபஸ்.

செய்தி சொல்வது என்றதும் ஞாபகம் வருகிறது, வகுப்பில் ஒருநாள் புள்ளிராஜா வந்தார், ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தின் ஆள். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" கூடப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை! என் தம்பியின் நண்பன் ராஜா, பாவம், அந்த வருஷம் முழுக்கத் தெருவில் தலைகாட்ட முடியாமல் இருந்தான். ஊர் முழுக்கப் பேசவைத்ததில் அதற்கு ஈடு இல்லை என்று ஒரு கட்சி. பேர்தான் நின்றது, ஆணுறை நின்றதா என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. எய்ட்ஸ் வந்தவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றும் அது கற்றுக்கொடுத்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உன் மகள் இதைப் படிக்கலாமா என்று கேட்டாய். இரண்டு வருஷம், பல இடங்களில் எந்தப் பட்டம் முடித்தாலும் சேர்க்கிறார்கள். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் இருக்கிறது, போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் இருக்கிறது; கட்டணத்தை மட்டும் உட்கார்ந்துகொண்டு விசாரி. அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தில் உள்ளது பெயருக்கேற்ப நோய்ப்பரவல் பக்கம் சாய்ந்தது. எம்.பி.பி.எஸ். இல்லாமல் நகர்நல அலுவலர் பதவிக்குப் போக முடியாது, அதை அவளிடம் மறைக்காதே. மற்றவர்களுக்கு ஆய்வுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள்; ஒப்பந்த வேலை, சம்பளம் சுமார். ஆனால் மனுஷர்களோடு உட்கார்ந்து பேசப் பிடிக்குமென்றால் வரட்டும். லீவில் ஒரு வாரம் இங்கே அனுப்பு, என்னோடு வியாசர்பாடி வந்து பார்க்கட்டும்.

ஒன்று சொல்லாமல் விட்டால் உன்னிடம் பொய் சொன்ன மாதிரி. அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவை நினைத்தேன். ஆறு வருஷமாக வருகிறாள். அவளுக்கும் சுகர். ஒருநாள்கூட பாத்ரூம் போகிறேன் என்று கேட்டதில்லை. மறுநாள் கேட்டேன். குழாயை மூடாமலேயே, "கேட்டா வுடுவீங்கன்னு தெரியும்கா. நீங்கதான் சொன்னதில்லியே" என்றாள்.

பின்கட்டில் எங்களுக்கு இன்னொரு பாத்ரூம் உண்டு. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் வாங்கின குடங்களும் நீல டிரம்மும் அதில்தான் அடைந்து கிடந்தன. நேற்று எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு ஏற்றினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. தச்சர் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். உன் மகள் வருவதற்குள் பல்பும் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
வசந்தி