மாலுமிகள் இல்லத்து வேனுக்கு உள்நுழைவு பாஸ் கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
மாலுமிகள் இல்லத் தன்னார்வலர்கள் சார்பாக,
ஓய்வு பெற்ற கப்பல் ஊழியர் ஒருவர்,
துறைமுகச் சாலை.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து மேலாளர் அவர்கள்,
துறைமுக நிர்வாக அலுவலகம்.

பொருள்: கப்பல்களில் வரும் மாலுமிகளைக் கரைக்கு அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடும் எங்கள் வேனுக்குத் துறைமுகத்துக்குள் வந்துபோக பாஸ் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மார்ச், ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் நேரில் கொடுத்த மூன்று மனுக்கள். மூன்றுக்கும் தபால் பிரிவில் முத்திரை வாங்கிய நகல் உள்ளது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எடைமேடையைத் தாண்டி, பழைய கிடங்குக்கு எதிரே, இரண்டு அறையும் ஒரு வேப்பமரமுமாக இருக்கும் எங்கள் இல்லம் தாங்கள் அறிந்ததே. போன வருடம் ஜூன் 25, மாலுமிகள் தினத்தன்று தாங்கள் வந்திருந்து, பிலிப்பைன்ஸ் பையன்கள் இருவரோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் கேரமும் ஆடினீர்கள். அந்த உரிமையில்தான் மறுபடியும் எழுதுகிறோம்.

1. வேன் பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டி. எஃப்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநரின் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று எல்லாம் நடப்பில் உள்ளன. வருடாந்திர பாஸ் ஜனவரியோடு முடிந்தது. அப்புறம் பாஸ் வழங்குவது கணினிக்கு மாறியது. புதிய விண்ணப்பத்தில் சரக்கு லாரி, ஏஜென்ட் வண்டி, ஒப்பந்ததாரர் வண்டி, ஊழியர் வண்டி என்று நான்கே பிரிவுகள். எங்கள் வேன் இவை எதிலும் சேராது. பாஸ் பிரிவில் இருப்பவர்கள், "எதுல போடுறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. திரையில் இல்லாத ஒன்றை அவர்களால் எப்படித் தேர்ந்தெடுக்க முடியும்?

2. கரையிறங்கும் அனுமதியில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. சீட்டு ஒழுங்காகக் கிடைத்துவிடுகிறது.

3. தூரம்தான் பிரச்சினை. நிலக்கரித் தளத்திலிருந்து மெயின் கேட் வரை நாலரை கிலோமீட்டர் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிப்பரும் பேலோடரும் ஓடும் இடத்தில் யாரும் நடக்கக் கூடாது என்பது நல்ல விதி. ஆட்டோவை உள்ளே விடாததும் சரி. ஆனால் நடக்கவும் கூடாது, ஆட்டோவும் வராது, எங்கள் வேனும் வரக் கூடாது என்றால் அந்த மனிதன் எப்படித்தான் வெளியே வருவான்? ஏஜென்ட்டின் கார் கேப்டனுக்கு வரும், ஆஸ்பத்திரி கேஸுக்கு வரும். பெயின்ட் அடிக்கிற ஏ.பி.க்கும் (டெக் மாலுமி) இன்ஜின் ரூம் ஆயிலருக்கும் வராது.

சரக்கு இறங்கும்போது பல கப்பல்களில் ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்றுதான் முறை ஓடும். அந்த ஆறில் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், துணி துவைக்க வேண்டும். இதையெல்லாம் கழித்தால் கரைக்கென்று இரண்டு, மிஞ்சினால் மூன்று மணி நேரம் தேறும். அதற்காகக் குளித்து, நல்ல சட்டை போட்டு, தலை வாரி, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேங்வே எனும் கப்பல் ஏணியின் அடியில் வந்து நிற்கிறார்கள். முன்பு வேன் வரும் நேரம் அவர்களுக்குத் தெரியும். இப்போதும் எங்கள் பழைய அறிவிப்புத் தாளைப் பார்த்துவிட்டு அதே நேரத்துக்கு வந்து காத்திருக்கிறார்கள் ஐயா. நிலக்கரித் தூசியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, மறுபடி ஏறி, அந்தச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு பல்க் கேரியர், அதாவது மூட்டை கட்டாத சரக்கை ஏற்றும் கப்பல், வந்தது. அதில் சமையல்காரர் மியான்மர்காரர், ஐம்பது வயது தாண்டியவர். நடுக்கடலில் கப்பல் ஆடியதில் கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. ஒரு பக்கக் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டி இரண்டு மாதமாகச் சமைத்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து ராத்திரிச் சமையல் தொடங்குவதற்குள் கரைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கலாம் என்று இறங்கியவர், வண்டி இல்லாமல் நடந்திருக்கிறார். இரண்டாவது பெர்த் தாண்டியதும் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாளும் நடந்தார், அன்றும் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கப்பல் புறப்பட்டுவிட்டது. அந்தக் கப்பலின் மூன்றாவது ஆபீசர் தமிழ்ப் பையன். அவன் போனில் சொல்லித்தான் எங்களுக்கு இது தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கண்ணாடிக் கடையில் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுப்பார்கள். முன்பு எத்தனையோ பேரை அங்கே கூட்டிப் போயிருக்கிறோம். கேட்டுக்கு வெளியே எங்கள் வேன் சும்மா நின்றுகொண்டிருக்க, அந்த மனிதர் உடைந்த கண்ணாடியோடு அடுத்த துறைமுகத்துக்குப் போனார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்கவில்லை.

4. "இப்பத்தான் கப்பலிலேயே இன்டர்நெட் இருக்கே, எதுக்குக் கரை?" என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். சில கப்பல்களில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அங்கும் டேட்டா அளந்துதான் வரும். ஆனால் மாலுமி இறங்குவது போனுக்காக மட்டும் இல்லை. கப்பல் கட்டி நின்றாலும் ஜெனரேட்டர் நிற்காது, தரை அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். ஏழெட்டு மாதமாகப் பார்த்த அதே இருபது முகம். அப்படி இருந்துவிட்டு, அசையாத மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் உட்காருவது என்னவென்று கப்பலுக்குப் போனவனுக்குத்தான் தெரியும்.

நான் போனவன். 1994-இல் ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்றபோது, அங்கே மாலுமிகளுக்காகக் கிறிஸ்தவ நல அமைப்பு நடத்தும் ஃப்ளையிங் ஏஞ்சல் கிளப்பின் வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. யார், என்ன மதம் என்று ஒரு கேள்வி இல்லை. ஒரு வயதான அம்மா டீ கொடுத்தார், போன் கார்டு எப்படிப் போடுவது என்று காட்டினார். எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போட்டேன். பூத்துக்காரர் பையனை அனுப்பி என் மனைவியைக் கூட்டி வரும்வரை கார்டில் காசு குறைந்துகொண்டே போனது. அந்த அம்மா இன்னொரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார், காசு வாங்கவில்லை. அதைத்தான் இங்கே வருகிறவர்களுக்கு நாங்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

5. நாங்கள் சலுகை கேட்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. துறைமுகத்தில் மாலுமிகளுக்கான நல வசதிகள் அவர்கள் எளிதில் வந்துபோகும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதியான, 2004 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள ஐ.எஸ்.பி.எஸ்.-இலும், துறைமுகப் பாதுகாப்புத் திட்டத்தில் மாலுமிகள் கரையிறங்கவும், நல அமைப்பினர் கப்பலுக்கு வந்துபோகவும் வழிமுறை இருக்க வேண்டும் என்று உள்ளது. ஆக, பாதுகாப்பைக் காரணம் காட்டி எங்களை நிறுத்த வேண்டியதில்லை. பாதுகாப்பு விதியே எங்களுக்கு வழி சொல்கிறது.

6. மூன்று மனுவுக்கும் ஒரு வரி பதில் வரவில்லை. கணினியில் 'நிலுவையில்' என்று காட்டுகிறது. மார்ச்சிலும் அதே, நேற்றும் அதே. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதித் தாருங்கள் ஐயா. என்ன குறை என்று சொன்னால் சரிசெய்கிறோம். வண்டியைச் சோதனை போட வேண்டுமா, போடுங்கள். கேமரா மாட்ட வேண்டுமா, மாட்டுகிறோம். உள்ளே பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போக வேண்டுமா, போகிறோம். பதிலே சொல்லாமல் வைத்திருந்தால் நாங்கள் யாரிடம் போவது? கேங்வே அடியில் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறவனிடம் என்ன சொல்வது? அவனுக்கு இந்த ஊரில் எங்களைத் தவிர யாரையும் தெரியாது.

7. கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கப்பல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அதுதான்.

எனவே தாங்கள் கருணை கூர்ந்து வேனுக்கு பாஸ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விண்ணப்பத்தில் புதுப் பிரிவு சேர்க்கக் காலம் ஆகும் என்றால், அதுவரை பழையபடி தங்கள் கையெழுத்தில் தினசரி பாஸாவது கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் காலை ஒரு முறை, மாலை நான்கு மணிக்கு ஒரு முறை, துறைமுக வண்டி ஒன்றில் மாலுமிகளை மெயின் கேட் வரை கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். அங்கிருந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நிலக்கரித் தளத்தில் இன்று காலை ஒரு கப்பல் கட்டியிருக்கிறது. ஐந்து நாள் நிற்கும் என்கிறார்கள். அது புறப்படுவதற்குள் பாஸ் கொடுங்கள் ஐயா.

இணைப்பு: வண்டி ஆவணங்கள், ஓட்டுநர் சான்று, முடிந்துபோன பாஸின் நகல், முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாலுமிகள் இல்லத் தன்னார்வலர்கள்