"கால்நடைத் தொந்தரவு" என்று எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஓட்ட அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரை வழியாக நீங்கள் நடத்திய ஓட்டப் பந்தயம் முடிந்த மறுநாள் நீங்கள் எல்லோருக்கும் அனுப்பிய செய்தி எனக்கும் வந்தது. மெடல் படம், டிரோன் வீடியோ, ஸ்பான்சர்களுக்கு நன்றி, எல்லாம் சரி. கடைசிப் பத்தியில், கால்நடைத் தொந்தரவால் சிலருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த முறை ஓட்டம் முடியும்வரை பாதையில் ஆடு மாடு வராதபடி உள்ளூர் நிர்வாகத்திடம் சொல்லி ஏற்பாடு செய்வோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. போன் செய்து பார்த்தேன். "ஃபீட்பேக் ஃபார்ம்ல போட்டுடுங்க சார்" என்றார்கள். அந்தப் படிவத்தில் டி-ஷர்ட் அளவு பொருந்தியதா, வாழைப்பழம் பழுத்திருந்ததா என்றெல்லாம் கேட்கிறார்கள். இதை எழுத அதில் இடம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஓட்டத்துக்குப் பாதை குறிப்பதற்கு முன்னால், அந்தப் பாதையில் ஆடு மாடு மேய்ப்பவர்களை நேரில் போய்ப் பார்த்துப் பேசுங்கள்.

ஏரிக்கரையில் நடந்தது உங்களுக்குத் தெரியும், உங்கள் ஆட்கள் இரண்டு பேர் அங்கேதான் நின்றார்கள். ஆனால் உங்கள் செய்தியைப் படித்தால் எருமைகள் வேண்டுமென்றே வந்து ஓட்டத்தைக் கெடுத்த மாதிரி இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர்காரர்களை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளப்பிவிட்டீர்கள். இரண்டாவது சுற்றில் நாங்கள் கரை மேல் ஏறும்போது ஏழரை ஆகியிருக்கும். தினமும் அந்த நேரத்துக்குத்தான் மந்தை தொழுவத்திலிருந்து கிளம்பி அந்தக் கரை வழியாகப் போகிறது. கரையின் அகலம் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு, ஒரு பக்கம் கல் பதித்த சரிவும் தண்ணீரும், இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம். எதிரே கன்றுகளோடு எருமைகள், பின்னால் ஒரு பெரியவர். பத்து கிலோமீட்டர்காரர்களை நீங்கள் எதிர்த்திசையில் விட்டிருந்ததால், மந்தைக்குப் பின்னாலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். அதில் யாரோ ஒருவர், அவசரத்துக்கு என்று நீங்கள் கட்டாயமாக்கியிருந்த விசிலை எடுத்து ஊதினார். நல்ல விசில்.

எருமைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. சுற்றிலும் கிட்டத்தட்ட எல்லாம் அதற்குத் தெரியும், நேர் பின்னால் வருவது மட்டும் தெரியாது. அங்கிருந்து தடதடவென்று காலடிச் சத்தமும் விசிலும் வந்தால் அது மிரளாமல் என்ன செய்யும்? முன்னால் நாங்கள், பின்னால் அவர்கள். பெரிய எருமைகள் முட்டிமோதி நின்றன. ஒரு கன்று சரிவில் வழுக்கிப் போய், கல் இடுக்கில் பின்னங்கால் மாட்டிக்கொண்டது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், நாங்கள் இரண்டு மூன்று பேர் கூட இறங்கினோம். கல் பாசி பிடித்து வழவழவென்று இருந்தது, எங்கள் விலையுயர்ந்த ட்ரெயில் ஷூ எதுவும் அதில் நிற்கவில்லை, அவருடைய வெறுங்கால்தான் நின்றது. கன்று கத்தக் கத்த மேலே தாய் எருமை இறங்கப் பார்க்கிறது, அதை அவர் பேசிப் பேசியே நிறுத்தி வைக்கிறார். கல்லை அசைத்துக் காலை எடுத்தபோது முட்டிக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம். அவர் எங்களைத் திட்டவில்லை. கன்றின் காலைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே, "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கலங்கல் பக்கமா ஓட்டிக்கினு போயிருப்பேனே தம்பி" என்றார். கலங்கல் என்றால் ஏரி நிரம்பித் தண்ணீர் வழிந்து போகிற இடம். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு உங்களுக்கு என்ன செலவாகியிருக்கும்?

எங்களுக்குக் கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்கக் கொடுத்த நேரம், தாண்டிவிட்டது, மெடல் கிடையாது என்றார்கள். அது போகட்டும், அதற்காக எழுதவில்லை. மிரண்ட எருமை அன்றைக்கு ஒழுங்காகப் பால் இறக்காது, மாடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் பால் ஊற்றுவது சாலையோர டீக்கடைக்கு. ஓட்டத்துக்கு முன்னால் உங்கள் குழு நின்று டீ குடித்த அதே கடைதான். சாயந்திரம் அவருக்குப் பால் எவ்வளவு குறைந்தது, மருந்துக்கு எவ்வளவு ஆனது என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள், எனக்குத் தெரிந்து யாரும் போகவில்லை.

அப்புறம் வழி காட்ட நீங்கள் கட்டிய அந்த ரிப்பன் விஷயம். பாதை தெரியாமல் பலர் சுற்றியதற்கும் ஆடுகள்தான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடு ரிப்பனைத் தின்றது உண்மைதான். இடுப்பு உயரத்தில் வேலமரக் கிளையில் இளஞ்சிவப்பாக ஒன்றைக் கட்டிவைத்தால் ஆடு அதற்கு சல்யூட்டா அடிக்கும்? எந்தப் புதர் பக்கம் ஆடு போகும், எது போகாது, எங்கே கட்டினால் நிற்கும் என்று அங்கே மேய்க்கிற பத்து வயதுப் பையன்கூடச் சொல்லியிருப்பான். கேட்க வேண்டும், அவ்வளவுதான். ரிப்பனாவது பரவாயில்லை, தண்ணீர் தரும் இடங்களைச் சுற்றி ஓடும்போது தெம்புக்குச் சாப்பிட்டுவிட்டு நம் ஆட்கள் கிழித்துப் போட்ட ஜெல் பாக்கெட்டில் இனிப்பு ஒட்டியிருக்கும், மாடு அதை நக்கிக்கொண்டே விழுங்கிவிடும். 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து கொண்டுவந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை சென்னை கால்நடை மருத்துவர்கள் அறுவை செய்து எடுத்தார்கள். பேப்பரில் நாமெல்லாம் படித்து "ச்சே" சொன்ன செய்திதான். தொந்தரவு யாருக்கு யாரால் என்று இதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஃபினிஷ் லைனில் எல்லோருக்கும் ஆளுக்கொரு மாட்டு மணி கொடுத்து ஆட்டச் சொன்னீர்கள். ஆல்ப்ஸ் மலை ஓட்டங்களில் அப்படித்தான் உற்சாகப்படுத்துவார்களாம், வீடியோவில் நானும் பார்த்திருக்கிறேன். அங்கே மணி வந்தது அந்த மலையில் மேய்கிற மாட்டின் கழுத்திலிருந்து. நமக்கு மணி வேண்டும், மாடு வேண்டாம். விளம்பர வீடியோவில் சூரிய உதயம், ஏரி, நடுவில் ஒரு மாடு, "இயற்கையோடு ஓடுங்கள்" என்று எழுத்து. அந்த மாடே நேரில் வந்தால் தொந்தரவு. ஓட்டக்காரர்களாகிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வண்டலூர் கேளம்பாக்கம் சாலையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடி வந்தாகிவிட்டது, வருவாய்க் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது பொது மேய்ச்சல் நிலம், என்று இருந்த இடங்களெல்லாம் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை, மந்தைக்கு மிச்சம் இருப்பது ஏரிக்கரையும் காய்ந்த ஏரியின் உள்வாயும்தான். அதிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி நாம் ஓட வந்து, கொஞ்சம் ஓரமாகப் போங்கள் என்கிறோம். வார நாளில் கார், வாரக் கடைசியில் நாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், விஷயத்துக்கு வருகிறேன்.

மேய்ப்பவர்களிடம் பேசச் சொல்வது வெறும் மரியாதைக்காக அல்ல, உங்கள் ஓட்டத்தின் பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். திடீரென்று ஆலங்கட்டி மழையும் உறைகாற்றும் அடித்து 21 பேர் இறந்துபோனார்கள். அன்று ஆறு பேர் பிழைத்தது ஜூ கெமிங் என்ற ஆட்டிடையரால். மழைக்கு ஒதுங்கியிருந்த தன் குகைக்கு அவர்களைக் கொண்டுவந்து, தீ மூட்டி, போர்வை போர்த்திவிட்டார். அவருக்கு அந்த மலையில் எங்கே ஒதுங்கலாம் என்று தெரிந்திருந்தது. நம் செங்கல்பட்டுப் பக்கம் உறைபனி இல்லை, ஆனால் வெயில் இருக்கிறது, இடி இருக்கிறது, பாம்பு இருக்கிறது. எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, யாராவது சுருண்டு விழுந்தால் எந்த வழியில் வண்டி வரும் என்று ஜிபிஎஸ் கோப்பைவிட அந்தப் பெரியவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவரை அப்புறப்படுத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு கொடுப்பீர்களா, இல்லை ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசுவீர்களா?

பேசினால் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மந்தை கரை ஏறும் நேரத்தில் அந்த ஒரு கிலோமீட்டரை ஓடாமல் நடந்து கடக்கச் சொல்லலாம், அந்த நேரத்தைக் கட்-ஆஃபில் கூட்டிக் கொடுக்கலாம். எதிர்த்திசை ஓட்டத்தைக் கரையில் வைக்காமல் இருக்கலாம். மாட்டின் பின்னால் போகும்போது தூரத்திலிருந்தே குரல் கொடு, முகத்துக்கு நேராக ஹெட்லாம்ப் அடிக்காதே, தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் புகாதே, விசில் ஊதாதே என்று பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கும்போதே சொல்லி அனுப்பலாம். கரையில் இரண்டு மேய்ப்பவர்களையே நிற்கவைத்து, டிஜேவுக்குக் கொடுக்கிறீர்களே, அதில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுங்கள்.

ஆகவே தயவுசெய்து, அடுத்த ஓட்டத்துக்குப் பதிவு திறப்பதற்கு முன்னால் அந்த ஊருக்குப் போங்கள். மேய்ப்பவர்களிடம் பேசிய பிறகு பாதையை முடிவு செய்யுங்கள். கன்றுக்கு ஆன மருத்துவச் செலவை அந்தப் பெரியவரிடம் கொடுங்கள். அனுப்பிய செய்தியில் அந்தக் கடைசிப் பத்தியைத் திருத்தி எல்லோருக்கும் மறுபடி அனுப்புங்கள். பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டால் போதும்.

இப்படிக்கு,
மேடவாக்கத்திலிருந்து ஓட வருகிற ஒருவன்